வெளிநாட்டு ஓட்டலில் பொருள் காணாமற்போனால்...

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த விடுமுறைக்கு வெளிநாடு புறப்படும் அன்பர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தோம். இரண்டு கை விரல்கள் போதவில்லை. சிங்கப்பூர், பாங்காக், துபாய், பிள்ளைகள் இருக்கும் லண்டன், ஜெர்மனி என்று பட்டியல் நீண்டது. விசா எப்படி வாங்குவது, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும், சர்க்கரை நோய் மாத்திரையை எப்படி எடுத்துப் போவது என்று எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஓட்டல் அறையில் வைத்துவிட்டுப் போன பொருள் திரும்பி வரும்போது இல்லையென்றால் என்ன செய்வது?

நானும் கேட்டதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கேள்விக்குப் பதிலைச் சொந்தச் செலவில் படித்துக்கொண்டேன். அந்தப் பாடத்தை அன்பர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் பாங்காக் போயிருந்தோம். சுகும்வித் சாலையில், நடுத்தர வகையைச் சேர்ந்த ஓர் ஓட்டலில் தங்கினோம். இரண்டாம் நாள் காலை 6.30 மணிக்கு டம்னோன் சடுவாக் மிதக்கும் சந்தையைப் பார்க்கப் புறப்பட்டோம். அது பாங்காக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். படகில் ஏறி இறங்க வேண்டும், கூட்டமாக இருக்கும் என்று சொன்னதால், என் மனைவி கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றினாள். அவளுடைய அம்மா கொடுத்தவை. இரண்டும் சேர்ந்து மூன்று பவுன். அவற்றையும், நான்கு நூறு டாலர் நோட்டுகளையும், இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் அலமாரிக்குள் இருந்த சிறிய லாக்கரில் வைத்து, நானே நான்கு எண் போட்டுப் பூட்டினேன்.

பிற்பகல் 3.20க்குத் திரும்பினோம். களைப்பில் படுத்துவிட்டோம். மாலை ஆறு மணிக்குச் சிலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. கோயிலுக்கு வெறுங்கையோடு போவானேன் என்று என் மனைவி லாக்கரைத் திறந்தாள். பாஸ்போர்ட்டுகள் இருந்தன. இரண்டு நோட்டுகள் இருந்தன. மற்ற இரண்டு நோட்டுகளும் வளையல்களும் இல்லை.

"என்னங்க, வளையலை வேற எங்கயாவது வெச்சீங்களா?" என்றாள். வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெட்டி, படுக்கை, குளியலறை எல்லாவற்றையும் அரை மணி நேரம் புரட்டினோம். லாக்கர் உடைக்கப்படவில்லை. எல்லாவற்றையும் எடுக்காமல் பாதியை விட்டுவைத்ததன் காரணம் பிறகுதான் புரிந்தது. முழுவதும் போனால் நாம் உடனே கூச்சல் போடுவோம். பாதி போனால், "நாம்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ" என்று நம்மையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுவோம்.

நான் செய்த தவறு

என் பாட்டி ஒன்று சொல்வாள்: "எடுத்தவனுக்கு ஒரு பாவம், பறிகொடுத்தவனுக்குப் பத்துப் பாவம்." எடுத்தவன் செய்தது ஒரு திருட்டு. பறிகொடுத்தவனோ கண்ணில் படும் பத்துப் பேரைச் சந்தேகிக்கிறான். சிறு வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று மாலை அதைத்தான் செய்தேன்.

ரிசப்ஷனுக்கு இறங்கிப் போய், மானேஜர் வந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், "எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் பெண் எடுத்திருக்கிறாள்" என்பது. எனக்கு என்ன ஆதாரம்? காலையில் நாங்கள் கிளம்பும்போது வராந்தாவில் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார். அவ்வளவுதான்.

அவரை அழைத்து வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். ஆங்கிலம் தெரியாது. மானேஜர் தாய் மொழியில் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல், தன் கைப்பையை ரிசப்ஷன் மேசைமேல் கவிழ்த்தார். ஒரு சீப்பு, ஒரு சோற்றுப் பொட்டலம், பள்ளிக்கூடப் பிள்ளையின் படம் ஒன்று. பிறகு மேலங்கியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ரிசப்ஷனில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்து, "போதுங்க, போகலாம்" என்றாள்.

நான் கணக்குத் தணிக்கையில் 35 ஆண்டுகள் இருந்தவன். ஆதாரம் இல்லாமல் ஒரு ரூபாய்ச் செலவைக்கூட ஒப்புக்கொண்டதில்லை. ஒரு மனுஷியின்மேல் மட்டும் ஆதாரம் இல்லாமல் பழி சொல்லிவிட்டேன். அவரை மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் தெரிந்தது

இரவே 1155 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். அது தாய்லாந்தின் சுற்றுலாப் போலீசாரின் எண். ஆங்கிலத்தில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். அவர்கள் உதவியோடு அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் புகார் எழுதினோம். அங்கும் அந்தப் பெண்மேல் சந்தேகம் என்றே எழுதிக் கொடுத்தேன்.

காலையில் போலீசார் வந்து, அறைக் கதவின் பதிவைக் கேட்டார்கள். அன்பர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டையைக் காட்டித் திறக்கும் கதவுப் பூட்டு, எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்பதைத் தனக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. அறை லாக்கர்கள் பலவற்றிலும் இதே வசதி உண்டு. விருந்தினர் எண்ணை மறந்துவிட்டால் திறப்பதற்காக, ஓட்டல்காரர்களிடம் ஒரு பொது எண்ணோ கருவியோ இருக்கும். அதைப் பயன்படுத்தினாலும் நேரம் பதிவாகும்.

எங்கள் அறையின் பதிவு இப்படி இருந்தது. 11.05க்குச் சுத்தம் செய்பவரின் அட்டை. பிற்பகல் 1.48க்கு வேறோர் அட்டை. 1.50க்கு லாக்கர் பொது எண்ணால் திறக்கப்பட்டிருக்கிறது. 3.20க்கு எங்கள் அட்டை. அந்த 1.48 அட்டை, பழுது பார்க்கும் பிரிவில் பலர் கைமாற்றிப் பயன்படுத்தும் பொது அட்டை. எங்கள் அறையில் அன்று எந்தப் பழுதும் இல்லை. நாங்கள் யாரையும் அழைக்கவும் இல்லை.

ஆக, அந்த அம்மாள் எடுக்கவில்லை. எடுத்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. வளையல்களும் கிடைக்கவில்லை.

காவல் நிலையத்துக்கு மறுபடியும் போய், "முதல் புகாரில் அறைப் பணியாளர்மேல் சந்தேகம் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கதவுப் பதிவைப் பார்த்தபின் அவர்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதன் நகலை மானேஜரிடமும் கொடுத்து, அந்த அம்மாளின் பணிக் கோப்பில் வைக்கும்படியும், போன நாளின் கூலியைக் கொடுக்கும்படியும் கேட்டேன். அடுத்த நாள் அவர் வேலைக்கு வந்தார். ரிசப்ஷன் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். "மைபென்ராய்" என்றார். பரவாயில்லை என்று பொருளாம். சிரிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓட்டல் மானேஜர் எங்களிடம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். "நகை, பணம் ஆகியவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." நானும் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். மாரியம்மன் கோயிலில் சந்தித்த, முப்பது ஆண்டுகளாக அங்கே ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் காரைக்குடி அன்பர் ஒருவர்தான், "அண்ணே, அந்தக் காகிதத்தை நம்பாதீங்க. இந்த ஊர்ச் சட்டம் வேற" என்றார். அதன்பின் நான் தேடிப் படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

தாய்லாந்தின் சிவில் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பில் 674 முதல் ஓட்டல்காரரின் பொறுப்பு பற்றிய பிரிவுகள் உள்ளன. விருந்தினர் கொண்டுவந்த பொருள் காணாமற்போனால், வெளியார் யாரோ எடுத்திருந்தாலும், ஓட்டல்காரர் பொறுப்பு. விருந்தினரின் சொந்தத் தவறால் போனதற்குப் பொறுப்பில்லை. ஆனால் பணம், நகை போன்ற விலையுயர்ந்த பொருள்களுக்கு 5,000 பாட் வரைதான் பொறுப்பு. அவற்றை ஓட்டல்காரரிடம் ஒப்படைத்து, மதிப்பையும் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த வரம்பு இல்லை. காணவில்லை என்று தெரிந்தவுடன் சொல்ல வேண்டும். விருந்தினர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, பொறுப்பில்லை என்று ஒட்டிவைத்த அறிவிப்பு செல்லாது. ஓட்டலை விட்டுப் போன ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, எடுத்தவர் யார் என்று விருந்தினர் நிரூபிக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. நான் அந்த அம்மாளைக் கைகாட்டியதால் என் கோரிக்கைக்கு ஒரு பாட்கூடப் பலம் சேரவில்லை. மாறாக, தாய்லாந்தில் அவதூறு என்பது குற்றவியல் வழக்குக்கு உரியது. அந்த அம்மாள் நினைத்திருந்தால் என்மேல் புகார் கொடுத்திருக்கலாம்.

மற்ற நாடுகளிலும் அடிப்படை இதுதான். இங்கிலாந்தில் 1584ஆம் ஆண்டிலேயே, கேலி வழக்கு என்ற புகழ்பெற்ற வழக்கில், விடுதிக்காரரே விருந்தினரின் பொருளுக்குப் பொறுப்பு என்ற விதி வகுக்கப்பட்டது. பிரிட்டனின் 1956ஆம் ஆண்டு ஓட்டல் உரிமையாளர் சட்டம் அந்தப் பொறுப்புக்கு ஒரு வரம்பு வைத்தது. ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, ஒரு விருந்தினருக்கு மொத்தம் 100 பவுண்டு. ஆனால் சட்டம் சொல்லும் அறிவிப்பை ரிசப்ஷன் அருகிலோ வாசலிலோ வைக்காத ஓட்டலுக்கு இந்த வரம்பின் பாதுகாப்பு இல்லை. ஓட்டல்காரரின் அல்லது அவருடைய பணியாளரின் தவறால் போயிருந்தாலும், பாதுகாப்புக்கென்று ஒப்படைத்திருந்தாலும் வரம்பு இல்லை. ஜெர்மனியில் ஒரு நாள் வாடகையைப் போல் 100 மடங்கு, குறைந்தது 600 யூரோ, அதிகம் 3,500 யூரோ. பணத்துக்கும் நகைக்கும் 800 யூரோதான் உச்சம். அங்கும் ஒப்படைத்த பொருளுக்கும், ஓட்டல் தரப்பின் தவறால் போன பொருளுக்கும் வரம்பு கிடையாது.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி, நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். 1998இல் நம் டில்லியில் ஓர் ஓட்டல் பணியாளரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. "உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது" என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

எல்லாச் சட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரு சொல்: ஒப்படைத்தல். அறையில் உள்ள லாக்கரில் நாமாக வைத்துப் பூட்டுவது ஒப்படைத்தல் ஆகிவிடாது. ரிசப்ஷனில் கொடுத்து, என்ன பொருள், என்ன மதிப்பு என்று எழுதி, கையெழுத்தோடு ரசீது வாங்குவதுதான் ஒப்படைத்தல். எங்கள் ஓட்டலிலும் அந்த வசதி இருந்தது. நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் ஓட்டல் எங்களுக்குச் சட்டப்படி 5,000 பாட் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் பத்தாயிரம் ரூபாய். வளையலின் தங்கம் மட்டுமே எழுபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம் வரும். எங்கள் பயணக் காப்பீட்டைப் புரட்டிப் பார்த்தேன். பணமும் நகையும் அதில் விலக்கப்பட்டிருந்தன. பெரும்பாலான பயணக் காப்பீடுகளில் அப்படித்தான்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. அறையில் நிதானமாக ஒரு முறை தேடுங்கள். ஒருவர் தேட மற்றவர் எழுதட்டும். பிறகு லாக்கரையும் அலமாரியையும் தொடாமல், இருந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். என்ன போனது? கடைசியாக எப்போது பார்த்தேன், இல்லையென்று எப்போது கண்டேன்? "யார்" என்ற கேள்வியை எழுதாதீர்கள். அது போலீசாரின் வேலை.

3. மானேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், அவருடைய பெயர், கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ஓட்டலின் ஈமெயில் முகவரிக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள்.

4. கதவு, லாக்கர் இரண்டின் பதிவையும், வராந்தாவின் கேமரா பதிவையும் அழியாமல் வைக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். பூட்டின் நினைவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் நிற்காது. பழையது அழிந்துகொண்டே வரும். நம்மிடம் காட்ட மறுக்கலாம். போலீசார் கேட்டால் கொடுப்பார்கள்.

5. போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்காமல் வராதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மூன்றிலும் அவசர எண் 999. ஐரோப்பிய நாடுகளில் 112. பல காப்பீட்டு நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. அந்நாட்டு மொழியில் உள்ள புகாருக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

6. வங்கி அட்டை போயிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கள்.

7. பாஸ்போர்ட் போயிருந்தால் போலீஸ் புகாரோடு இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். புதிய பாஸ்போர்ட்டுக்கோ, இந்தியா திரும்புவதற்கு மட்டும் செல்லும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். தூதரகம் திருட்டைத் துப்பறியாது, நமக்காக வழக்காடாது. அதை எதிர்பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புறப்படும் முன்

போலீசார் என்னிடம், "வளையலுக்கு ரசீது உண்டா?" என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுவதும் பிறரிடம் ரசீது கேட்டவன் நான். மாமியார் கொடுத்த வளையலுக்கு ரசீது ஏது? என் மகளின் கல்யாணப் படத்தில் என் மனைவி கையில் அந்த வளையல்கள் தெரிந்ததால், வீட்டிலிருந்து அதை அனுப்பச் சொல்லிக் காட்டினேன். அதையாவது ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, நகைகளை வீட்டிலேயே படம் எடுத்து, நகைக்கடையில் எடையும் மதிப்பும் எழுதி வாங்கி வையுங்கள். விலையுயர்ந்த நகையோடு போவதானால், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெறலாம். திரும்பி வரும்போது வரி கேட்காமல் இருக்க அது உதவும். தொலைந்தால் அதுவே ஆதாரமும் ஆகும். வீட்டுக் காப்பீட்டில் நகைக்குத் தனிப் பிரிவு உண்டு. அது வெளிநாட்டிலும் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறித்து வைத்து, ஒவ்வொரு முறை அறைக்குத் திரும்பியதும் லாக்கரைத் திறந்து பாருங்கள். நாங்கள் 3.20க்கே பார்த்திருந்தால் இரண்டரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உல்லாசப் பயணத்துக்கு அம்மா கொடுத்த நகை வேண்டாம். பீரோவில் இருக்கட்டும்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் என் மனைவி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையலை நினைத்து வருந்துகிறாள் என்று எண்ணி, "ஊருக்குப் போய் வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்றேன். "வளையல் போனது ஆறிடுங்க. அந்தம்மா பையைக் கவுத்துக் காட்டினதுதான் கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்றாள்.

இந்த ஏழு குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அன்பர்களுக்கு அது ஒருபோதும் தேவைப்படாமல் இருக்கட்டும். தேவைப்பட்டால், இரண்டாவது குறிப்பை முதலில் படியுங்கள்.